கிராம சபையில் நம் நாற்காலி



அன்பார்ந்த மஹல்லாவாசிகளே, இந்த மாதக் கட்டுரையை ஒரு செலவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற கோடையில் ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மேட்டுத் தெருவில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோய்ப் பல நாட்களாகியிருந்தன. பெண்கள் பள்ளத்திலிருந்து குடம் சுமந்து ஏறினார்கள். "செயலாளர் காக்கா, நீங்க பாத்து ஒரு வழி பண்ணித் தரணும்" என்றார். நிர்வாகக் குழு கூடிப் பேசியது. ஜகாத் நிதியிலிருந்து எடுக்க மார்க்கத்தில் இடமில்லை என்பதால் பொது சதக்கா நிதியிலிருந்து மோட்டாரும் குழாயும் வாங்கிப் போட்டோம். தண்ணீர் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் துஆ செய்தார்கள். அந்த மாதம் நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை மட்டும் எங்களால் கட்ட முடியவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவளுடைய உம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழுக்காகப் போனபோது அங்கே ஒட்டியிருந்த பணிகளின் பட்டியலைப் படித்தேன். பக்கத்துத் தெருவுக்கு அதேபோன்ற மோட்டாரும் குழாயும் ஊராட்சி நிதியிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. விசாரித்தேன். அந்தத் தெருக்காரர்கள் ஆறு பேர் மே 1 அன்று கிராம சபைக்குப் போய், கேட்டு, தீர்மானத்தில் எழுதவும் வைத்திருக்கிறார்கள். நம் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அரசுப் பணத்தில் நியாயமாக நடந்திருக்க வேண்டிய வேலையை ஏழைப் பிள்ளையின் படிப்புக் காசில் செய்துவிட்டோம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தச் சங்கடத்தில்தான் கிராம சபை பற்றிய சட்டங்களை எடுத்து வைத்துப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊர் அணையைப் பாருங்கள். 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடிந்தது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலம். பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. கோதையாற்றுத் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போனது. எங்கே கட்டுவது, எந்தக் காடு மூழ்கும், தண்ணீர் யாருக்கு என்ற எல்லாம் அரண்மனையிலும் மராமத்து அலுவலகத்திலும் முடிவானவை. மலையில் இருந்த காணிக்காரரைக் கூட்டி வைத்துக் கேட்கும் காலமல்ல அது.

ஆனால் அதே மன்னர்தான், அணை வேலை நடந்துகொண்டிருந்த 1904-இல், திருவனந்தபுரத்தில் ஸ்ரீமூலம் பிரஜா சபையைக் கூட்டினார். குடிகள் தங்கள் குறைகளை அரசிடம் நேரில் சொல்வதற்கான சபை. அதற்கு முன்பே 1888-இல் எட்டுப் பேர் கொண்ட சட்டசபை ஒன்றும் திருவிதாங்கூரில் ஏற்பட்டிருந்தது. மேடைப் பேச்சாளர்கள் உத்திரமேரூர்க் குடவோலையைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். நம் மாவட்டத்துக்காரருக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது இந்தப் பிரஜா சபை. இரண்டிலும் ஒரு குறை பொதுவானது. குடவோலையில் பெயர் வர வரி கட்டும் நிலம் வேண்டும். பிரஜா சபைக்குப் போனவர்களும் பெரிய நிலவரி கட்டியவர்களும் பெரிய வியாபாரிகளும்தான். குடம் சுமப்பவளுக்கு அங்கே இடமில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது வெகு காலம் கழித்து. அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. இந்தச் சட்டத்தின்படி கிராம சபை என்பது ஊராட்சித் தலைவரோ உறுப்பினர்களோ கூடும் கூட்டம் அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை, சந்தா இல்லை, நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். சட்டமன்றத்துக்கு நாம் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே உறுப்பினர். கொஞ்சம் நின்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் மாநிலத்தில் நடந்தது. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டும் இல்லை, கிராம சபை உறுப்பினர் என்ற தகுதியும் இல்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் விவரம், திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்பிள்ளைகளின் விவரம் இரண்டிலும் தவறு வர வாய்ப்பு அதிகம். எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டு ஆறாயிற்று. கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் உண்டு, குறைவெண் என்பார்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த 200, 300 என்ற எண்ணில்தான் விஷயம் கெட்டுப்போகிறது. நான் இளைஞனாக வேறொரு ஊரில் குடியிருந்தபோது நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மாலையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். "நேத்தைய கூட்டத்துக்கு ஆளு பத்தல, ஒரு கையெழுத்துப் போடும்" என்றார். தெரிந்த மனிதர், தேநீர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். நான் போகாத கூட்டத்தில், நான் படிக்காத கணக்கை, நான் ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகிவிட்டது. கல்லூரியில் படித்தவன், மதரஸாவில் ஓதியவன், பொய்ச் சாட்சி பெரும் பாவம் என்று அறிந்தவன். அன்று எனக்கு அது சாட்சி என்றே படவில்லை. இன்று படுகிறது. உங்கள் வீட்டுக்கு யாராவது நோட்டோடு வந்தால், மரியாதையாக, "அடுத்த கூட்டத்துக்கு நேரில் வாறேன், அங்கே போடுறேன்" என்று சொல்லி அனுப்புங்கள்.

சரி, போனால் என்ன செய்யலாம்? சபை என்ன செய்ய முடியும்? ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் பணிகளை ஆராய்வது, நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. "எங்க ஊருக்கு எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு?" என்று கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம். கேட்பதற்காகவே அந்தக் கூட்டம். ஒரு உதாரணம் தருகிறேன். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 மார்ச் வரையான காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைப்படி, சம்பளம் போன்ற நிர்வாகச் செலவு தவிர, செலவிடலாம் என்று இருந்தது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் மேட்டுத் தெரு மோட்டாருக்கு நாம் எங்கே போயிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். "தண்ணி இல்ல, ரோடு இல்ல, யாரும் கவனிக்கல" என்று சத்தம் போட்டால் கூட்டம் கைதட்டும், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை வீடு, எத்தனை நாளாக, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். பிறகு, "இதைத் தீர்மானமாக எழுதி வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கடைசியில் சொன்ன இதுதான் முக்கியம். சபையில் பேசியது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். எழுதிய தீர்மானத்தின் நகல் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எல்லாம் நடந்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். நெடுஞ்சாலைத் துறையின் சாலை, வனத்துறையின் நிலம், அணையைத் திறப்பதும் மூடுவதும் ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றில் கிராம சபை கோரிக்கை வைக்கலாம், அவ்வளவே. ஒரே தீர்மானம் மூன்று கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதையும் பார்க்கலாம். நம் மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல்: கேரளத்தில் வார்டு வாரியாகக் கிராம சபை கூடும், நம்மிடம் ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. ரப்பர் தோட்டத்துக்குள்ளும் நீர்த்தேக்கத்துக்கு அப்பாலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து ஒரு வயதானவர் படகேறி, பஸ் பிடித்து 11 மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? கூட்டத்தைச் சுழற்சி முறையில் வேறு வேறு குக்கிராமங்களில் நடத்தலாம் என்ற வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.

கேரளத்தைப் பற்றிச் சொன்னேன். பாறசாலை தாண்டி உறவுக்காரர்கள் உள்ளவர்கள் 1996-இன் மக்கள் திட்ட இயக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, திட்டத்தை நீங்களே போடுங்கள் என்றார்கள். பணம் கையில் இருந்ததால் கூட்டத்துக்கு ஆள் வந்தது. நம்மிடம் பணம் குறைவு, அதனால் ஆள் குறைவு. ஆள் குறைவு என்பதால் கேட்பதும் குறைவு.

ஆனால் சிறு சபையும் பெரிய காரியம் செய்திருக்கிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போடப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று, அங்குள்ள மக்களின் கிராம சபைகள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர, பன்னிரண்டு சிற்றூர்களில் சபை கூடியது. சில ஊர்களில் வாக்காளர்களே சில பத்துப் பேர்தான். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான வன உரிமைச் சட்டம், 2006 நம் அயலவர்களான காணிக்காரருக்கும் உரியது. அதில் வரும் கிராம சபை ஊராட்சி அளவிலானது அல்ல, குடியிருப்பு அளவிலானது. பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஒரு வழக்கின் காரணமாகத் தமிழ்நாட்டில் இந்தப் பட்டாக்கள் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. நம் கடைகளுக்கு மிளகும் தேனும் கொண்டுவரும் மனிதர்கள் இவர்கள். ஊராட்சிக் கிராம சபையில் அவர்கள் தங்கள் பாதைக்கோ படகுக்கோ கோரிக்கை வைக்கும்போது பக்கத்தில் எழுந்து நின்று ஆதரிப்பது அண்டை வீட்டார் உரிமையில் சேரும் என்பது என் கருத்து.

நம் மார்க்கத்தில் கலந்தாலோசனை புதிதல்ல. குர்ஆனின் 42-ஆவது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா. முஃமின்களின் தன்மைகளைச் சொல்லும்போது, தொழுகையோடும் தர்மத்தோடும் சேர்த்து, தங்கள் காரியங்களைக் கலந்து பேசி நடத்துவதையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான். இதைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். நான் நினைவூட்ட விரும்புவது உஹதை. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. வெளியே போக வேண்டும் என்று பலர், குறிப்பாக இளைஞர்கள், விரும்பினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். இழப்பு பெரிதாயிற்று. அதன் பின் இறங்கிய வசனங்களில், ஆலு இம்ரான் 159-இல், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியே கட்டளை வருகிறது. கலந்து பேசி எடுத்த முடிவு கசப்பில் முடிந்த பிறகும், இனிக் கேட்காதீர் என்று சொல்லப்படவில்லை. "ரெண்டு தடவை போனேன், ஒண்ணும் நடக்கல, இனிப் போகமாட்டேன்" என்கிற நம் காக்காமார்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹுதைபிய்யாவில், தோழர்கள் மனம் உடைந்து அசையாமல் நின்றபோது வழி சொன்னவர் உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நபியவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. நம் ஜமாஅத் கூட்டங்களில் ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. மோட்டார் எரிந்ததை எனக்கு வந்து சொன்னது ஒரு பெண். எத்தனை மணிக்கு எத்தனை குடம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும். கிராம சபையில் இதைப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் நம் தெருவில் இல்லை.

கிழமை ஒரு தடை என்பதும் உண்மை. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 11 மணிக்குக் கூட்டம், 12.30-க்கு ஜும்ஆ; பாதிப் பேர் அதனால் போகவில்லை. 2026-இல் மே 1, அக்டோபர் 2 இரண்டும் வெள்ளிக்கிழமைதான். அந்த நாட்களில் மனுவோடு முதலில் போய், தொடக்கத்திலேயே பேச அனுமதி கேட்டுவிட்டு ஜும்ஆவுக்கு வந்துவிடலாம். நேரத்தை முன்கூட்டி வைக்கும்படி எழுதியும் கேட்கலாம்.

இன்னொன்று. நம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, இப்போது தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். வார்டு உறுப்பினரைத் தெருவில் மறித்துக் கேட்க வழியில்லை. முன்பும் 2016 முதல் 2019 வரை இப்படியே மூன்றாண்டுகள் ஓடின. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடியாக வேண்டும், இப்போது ஊராட்சியின் கணக்கை நாம் நேருக்கு நேர் கேட்க இருக்கும் இடம் அது ஒன்றுதான். குலசேகரம், பொன்மனை, கடையல் போன்ற பேரூராட்சிகளில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கென்று பகுதி சபை என்ற ஏற்பாடு உண்டு, 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூட்டப்பட்டது. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

அடுத்த கிராம சபை ஜனவரி 26, திங்கட்கிழமை. அதற்கு முன், ஜனவரி 18 ஞாயிறு அஸருக்குப் பிறகு, அறக்கட்டளை அலுவலகத்தில் கூடி நம் தெருக்களின் தேவைகளை எழுதிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு. மேட்டுத் தெருவில் மழை பெய்தால் ஓடை தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பாலம் முதல் கோரிக்கை. ஓடையின் அகலத்தை யாராவது அளந்துகொண்டு வாருங்கள். அந்த நர்சிங் பிள்ளையின் கட்டணத்தைச் சென்ற மாதம் கட்டிவிட்டோம்.